வழவழப்பான பதினெட்டுப் படங்கள்

நான் நிறுவனர் ஆனது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. அதற்கு முன் மூன்று வருடம் வெறும் மாணவியாகத்தான் இருந்தேன். என்னை நிறுவனர் ஆக்குங்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு கையெழுத்து வாங்கப் போனேன். கையெழுத்துப் போட வழியில்லை, வேண்டுமானால் நிறுவனர் ஆக்கிவிடுகிறோம் என்றார்கள்.

கையெழுத்தும் எனக்காக இல்லை, என் தோழிக்காக. வகுப்பில் எல்லாரும் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். படிப்பது பொருளாதாரம், வாய் மட்டும் வக்கீல் வாய். பேருந்து நடத்துநரிலிருந்து பேராசிரியர் வரை யாரையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டதில்லை. அவளுக்குப் பிறந்ததிலிருந்து கண் தெரியாது. பாடத்தைக் காதால் வாங்கி அப்படியே மனதில் போட்டுக்கொள்வாள். உதைத்தது படம்தான். பொருளாதாரத்தில் பாதிப் பாடம் படமாக இருக்கிறது. பேராசிரியர் பலகையில் ஒரு கோட்டை இழுத்துவிட்டு, "இதோ பாருங்க, இங்கேருந்து இப்படி வந்து, இப்படிப் போகுது" என்பார். எங்கிருந்து வந்து எப்படிப் போகிறது என்பது அவர் சுண்ணக்கட்டிக்குத்தான் வெளிச்சம்.

என் அம்மா தையல்காரி. பழைய சட்டையைப் பிரித்துச் சின்னதாக்குவது, பெரிதாக்குவது, கிழிசல் தைப்பதுதான் பெரும்பாலும் வேலை. துணியில் கோடு பதிக்க ஒரு கருவி வைத்திருக்கிறாள். கைப்பிடியின் நுனியில் பல் பல்லாக ஒரு சின்னச் சக்கரம். ஒருநாள் அது என் பழைய கோப்பு அட்டையின் மேல் உருண்டது. அட்டையைத் திருப்பினேன். மறுபக்கம் புள்ளி புள்ளியாக மேடு எழுந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் கோடு எங்கே போகிறதென்று தெரிந்தது.

அன்றைக்கே ஒரு படம் போட்டு வக்கீலிடம் கொடுத்தேன். தேவைக் கோடு. அவள் விரலை ஓட்டினாள். நெற்றி சுருங்கியது.

"ஏண்டி, விலை ஏற ஏற சனங்க விழுந்தடிச்சு வாங்குறாங்களா? எந்த ஊர்க் கடை இது?"

மேடு மறுபக்கம்தான் எழும், அதனால் இடவலம் மாற்றி வரைய வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடியில் பார்த்து வரையப் பழகினேன். அம்மா பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டே, "நீ படிச்சு எதைக் கிழிப்பியோன்னு இருந்தேன், அட்டையைத்தான் கிழிக்கிற" என்றாள். கிழிந்தது பதினொன்று. தேறியது பதினெட்டு. பாடத்தில் இருந்த பதினெட்டுப் படமும் வந்துவிட்டது.

வக்கீல் ஒரே வாரத்தில் பதினெட்டையும் முடித்தாள். "இவ்வளவுதானா இது? இதுக்கா மூணு வருஷமா அந்த மனுஷன் இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கன்னு அலைஞ்சாரு?" என்றாள்.

இறுதித் தேர்வில் நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. அதில் முப்பது மதிப்பெண் படம் பார்த்து விடை எழுதுவது. வக்கீலை ஒரு வங்கி தொலைபேசிப் பிரிவு வேலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் பட்டம் பெற்ற சான்றைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள். அவள் வீட்டில் அதுவரை யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை. என் வீட்டிலும்தான். அதனால் அந்த வெள்ளிக்கிழமை எங்கள் இருவர் வீட்டு நாட்காட்டியிலும் வட்டம் போடப்பட்டிருந்தது.

தேர்வுக்கூடத்துக்குள் இந்த அட்டைகளைக் கொண்டுபோக முடியுமா என்று தேர்வுப் பிரிவு சன்னலில் கேட்டோம். அனைவருக்குமான கற்பித்தல் பிரிவின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். அப்படி ஒரு பிரிவு இருப்பது அன்றுதான் தெரியும். நிர்வாகக் கட்டடத்தின் கோடியில் இருந்தது. கதவில் பிரெயில் எழுத்தில் பெயர்ப்பலகை கூட இருந்தது. ஏழடி உயரத்தில்.

"இவ்வளவு உசரத்துல வச்சிருக்கீங்களே மேடம், எப்படித் தொட்டுப் படிக்கிறது?" என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன்.

"தொட்டுத் தொட்டு அழுக்காக்கிடுவாங்கன்னுதான்மா உசரத்துல வச்சோம்" என்றார் அந்த அம்மா. நல்ல மாதிரியான முகம். எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்பார். பதினெட்டு அட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்தார் என்றால் பார்த்தார், ஒன்றையும் தொடவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நான் இதுல கையெழுத்துப் போட முடியாது. எங்க பிரிவோட நோக்கமே யாரையும் விட்டுடக் கூடாதுங்கறதுதான். அதனால ஒருத்தருக்குன்னு தனியா எதுவும் செய்யறதில்ல."

"அப்ப எல்லாருக்கும் என்ன செய்யறீங்க?" என்றாள் வக்கீல்.

"விழிப்புணர்வு."

மாணவர் தானாகச் செய்த பொருளுக்கு ஒப்புதல் தர விதியில்லை. அதே பொருள் ஒரு தொழிலின் தயாரிப்பாக இருந்தால் விதி இருக்கிறது. எனவே எதிரே உள்ள மாணவர் தொழில்முனைவு மையத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவைத்தார்.

மையம் என்பது ஒரு பெரிய அறை. நாற்காலிகள் இல்லை, மூட்டை மூட்டையாக மெத்தைகள் கிடந்தன. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். சுவர் முழுக்க ஆளுயர எழுத்தில் 'தோல்வியைக் கொண்டாடு' என்று எழுதியிருந்தது. மைய இயக்குநர் தொழில் ஏதும் நடத்தியதில்லை. தொழில் நடத்துவது எப்படி என்று நாற்பது பயிலரங்கு நடத்தியிருக்கிறார்.

"எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கு?" என்றார்.

"எங்க வகுப்புல இவளுக்கு மட்டும்தான் சார்."

"ஒருத்தர்ங்கறது சந்தை இல்லையேம்மா."

"மன்னிச்சுக்கங்க சார், இன்னும் நாலஞ்சு பேரா சேர்ந்து பொறந்திருக்கணும். அவசரத்துல தனியா வந்துட்டேன்" என்றாள் வக்கீல்.

அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். நான் நிறுவனர். வக்கீலை இணை நிறுவனராகப் போடச் சொன்னேன். போடலாம், ஆனால் நிறுவனத்தில் பங்குள்ளவர் அதன் பயனாளியாக இருக்க முடியாது, அட்டையைத் தேர்வுக்குப் பயன்படுத்த முடியாது என்றார். சரி, பயனாளி என்றே போடுங்கள் என்றோம். போட்டார். பயனாளிகள் நிறுவனர் கூட்டங்களில் உட்காரக் கூடாது என்பதால் அந்த நிமிடமே வக்கீலை வெளியே அனுப்பினார். அவளைப் பற்றிய கூட்டங்கள் அத்தனையும் நடக்கும்போது அவள் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். காது கூர்மை என்பதால் ஒன்றும் தப்பவில்லை. அவளை முதல்முறை வெளியே அனுப்பியபோது மணி பதினொன்றே கால்.

முதல் வேலை, பெயர் வைப்பது. 'விழி வெளிச்சம்' என்று வைத்தார்கள்.

"தொட்டுப் பாக்குற பொருளுக்கு விழி எதுக்குடி, வெளிச்சம் எதுக்குடி?" என்றாள் வக்கீல் வெளியே. "ரெண்டும் இல்லாமத்தானே இந்தப் பாடு?"

அடுத்து இலச்சினை. ஆறு நாள் போனது. கண்ணுக்குள் சூரியனா, சூரியனுக்குள் கண்ணா என்பதில் கருத்து வேறுபாடு. அதற்கடுத்து, மூன்று நிமிடத்தில் தொழிலை விளக்கிப் பேசும் பயிற்சி. நான் எதைச் சொன்னாலும் இயக்குநர் இடையில் நிறுத்தினார். "கைய அகட்டிப் பேசு. தோழி தோழின்னு சொல்லாத, 'இலக்குப் பயனர்'னு சொல்லு. 'எங்க அம்மா தையல் சக்கரம்'னு சொல்லாத, கேவலமா இருக்கு. 'எளிய மரபுத் தொழில்நுட்பம்'னு சொல்லு." என் அம்மா இருபத்திரண்டு வருடமாக உருட்டுகிற சக்கரம் கேவலமானது என்று தெரிந்துகொள்ள ஒரு பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது.

"சார், பரீட்சைக்குப் பதினாறு நாள்தான் இருக்கு. ஒப்புதல் எப்ப வரும்?"

"பதறக் கூடாது. முதல் கட்டம் கருத்துருவாக்கம். ரெண்டாவது விரிவாக்கம், பத்தாயிரம் பேருக்குத் திட்டம் போடணும். பயனாளிக்கு வழங்கறது மூணாவது கட்டம்."

"முதல்ல ஒருத்திக்குப் போகட்டுமே சார்."

"ஒருத்திக்குப் போனா அது உதவி. பத்தாயிரம் பேருக்குப் போனாத்தான் தொழில். உதவிக்கு இங்க மையம் கிடையாதும்மா."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நல்ல சேதியை எடுத்துச் சொல்வது போலச் சொன்னார்.

பிறகு பயனர் சோதனை வந்தது. அட்டைகள் உண்மையிலேயே பயன்படுகின்றனவா என்று பரிசோதிக்க வேண்டுமாம். நல்லவேளை, வக்கீலைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். பன்னிரண்டு பேராசிரியர்களைக் கூப்பிட்டார்கள். பல்கலைக்கழக முத்திரை அச்சடித்த கறுப்பு நாடாவை ஒவ்வொருவர் கண்ணிலும் கட்டினார்கள். இரண்டு பேர் மெத்தை தடுக்கி விழுந்தார்கள். ஏழாம் படத்தைத் தடவி ஒருவர் மலை என்றார், ஒருவர் படிக்கட்டு என்றார். வணிகவியல் பேராசிரியர், "இது என் பதவி உயர்வு மாதிரி இருக்கு, பாதி வரைக்கும் வந்து நின்னுபோச்சு" என்றார். நாடாவை அவிழ்த்ததும் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்வையற்றோர் படும் துன்பம் தனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது என்றார். அப்போது அந்தப் பார்வையற்றோர் கதவுக்கு வெளியே கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"அவ வெளியிலதான் இருக்கா. அவகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலாமே மேடம்?" என்றேன் ஒருங்கிணைப்பாளரிடம்.

"அவங்க பயனாளிம்மா. அவங்களைக் கேட்டா ஒருதலைப்பட்சமாச் சொல்லுவாங்க."

சராசரி மதிப்பீடு ஐந்துக்கு நான்கு புள்ளி ஆறு.

இந்த லட்சணத்தில் ஒப்புதல் வராது என்றுதான் இருந்தோம். ஆனால் ஆண்டறிக்கை அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. 'அனைவருக்குமான கற்பித்தலில் மாணவர் தொழில்முனைவு' என்று ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பு எழுதியிருந்தார்கள்; கீழே எழுத ஒன்றும் இல்லை. ஆகவே தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, இரண்டாம் கட்டத்தைத் தாண்டி மூன்றாம் கட்டத்துக்கு எங்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். பதினெட்டு அட்டையையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, உறையில் போட்டு, அரக்கு வைத்துத் தேர்வுக்கூடத்துக்கு நேரே அனுப்புவார்கள். உறையைக் கூடத்துக்குள்தான் பிரிக்க வேண்டும். முன்னால் பிரித்தால் தேர்வின் ரகசியம் கெட்டுவிடும்.

"நான் வரைஞ்ச படம் சார். என்கிட்டருந்து என்ன ரகசியம்?"

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா."

வக்கீல் அன்று சந்தோஷமாக இருந்தாள். பேருந்தில் வரும்போது வங்கி வேலையை நடித்துக் காட்டினாள். "வணக்கம், உங்க கணக்குல என்ன குறைன்னு சொல்லுங்க, சண்டை போட நான் இருக்கேன்." முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தேர்வு நாளில் நான் பெரிய கூடத்தில் எழுதினேன். அவளுக்குத் தனி அறை. அவள் சொல்லச் சொல்ல எழுத, தபால் பிரிவில் வேலை பார்க்கிற ஓர் அக்காவை அமர்த்தியிருந்தார்கள். அந்த அக்காவுக்குப் பொருளாதாரம் தெரியக் கூடாது என்பது விதி. படத்தில் என்ன இருக்கிறதென்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. முடிந்து வெளியே வந்தேன். வக்கீல் மரத்தடியில் நின்றிருந்தாள். பேசவில்லை. அவள் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

"என்னடி ஆச்சு?"

"வழவழன்னு இருந்துச்சு."

"எது?"

"எல்லாம். பதினெட்டும். கண்ணாடி தடவுன மாதிரி."

என் அட்டைகளை லேமினேட் செய்திருந்தார்கள். பதினெட்டையும், இரு பக்கமும், சூடான உருளைக்குள் விட்டு. மேடெல்லாம் நசுங்கி, அதன் மேல் பிளாஸ்டிக் படிந்து, தகடு மாதிரி ஆகிவிட்டது. மூலையில் முத்திரை மட்டும் தெளிவாக இருந்ததாம். எழுதவந்த அக்கா சொன்னது.

"மேற்பார்வையாளர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். கையில வாங்கிப் பாத்தாரு. 'படம் பளிச்சுன்னு தெரியுதே, என்னம்மா குறை?'ன்னாரு. 'எனக்குத் தெரியலையே சார்'னேன். 'அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும், அது பிறவியிலேயே இருக்கறது'ன்னாரு. ஓரத்தைப் பல்லால கடிச்சு உரிக்கப் பாத்தேன். தேர்வுப் பொருளைச் சேதப்படுத்தினா வெளியே அனுப்பிடுவேன்னுட்டாரு."

நான் அப்படியே மையத்துக்கு ஓடினேன். இயக்குநர் ஒரு மெத்தைக்குள் புதைந்திருந்தார். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "எவ்வளவு நேர்த்தியாப் பண்ணியிருக்கோம் பாத்தியா?" என்றார். "இனி தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. பத்து வருஷம் ஆனாலும் மங்காது."

"தொட்டா சார்? தொட்டா?"

"தொட்டா அழுக்காகும். அதுக்குத்தானே உறை போட்டது."

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. எனக்கு எழுபத்தொன்று. வக்கீலுக்கு நாற்பத்தாறு, தேர்ச்சிக்கு நாலு குறைவு. படமில்லாத எழுபதில் நாற்பத்தாறு. இயக்குநர் அவளை வழியில் நிறுத்தி, "வருத்தப்படாதம்மா, இது ஒரு கற்றல்" என்றார்.

"அப்பக் கொண்டாடிடலாமா சார்? கேக் நீங்க வாங்குறீங்களா, நான் வாங்கட்டா?" என்றாள்.

தேர்வுப் பிரிவில் மனுக் கொடுத்தோம். மனு போன கையோடு பதில் வந்தது: 'படங்கள் முறைப்படி வழங்கப்பட்டன. மாணவி அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.' மறுதேர்வு ஆறு மாதம் கழித்து. வங்கி சொன்ன வெள்ளிக்கிழமைக்குப் பதினொரு நாள் இருந்தது.

ஒருங்கிணைப்பாளர்தான் ஒரு வழி சொன்னார். வரும் வியாழக்கிழமை விழா. 'விழி வெளிச்சத்துக்கு' விருது. துணைவேந்தர் வருகிறார். உடனடியாகச் சிறப்புத் தேர்வு நடத்த அவர் ஒருவருக்குத்தான் அதிகாரம். பயனாளி நன்றி சொல்ல இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம், அவளை அனுப்பி வையுங்கள் என்றார். விருதை மூஞ்சியில் வீசிவிட்டு வரலாம் என்று இருந்தேன். "வீசறதை அப்புறம் வீசலாம், முதல்ல ரெண்டு நிமிஷத்தை வாங்கு" என்றாள் வக்கீல்.

விழா மண்டபத்தில் என் பதினெட்டுப் படங்களையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். விளக்கு வேறு. துணைவேந்தர் பேசினார். "இந்தப் படங்களை முதன்முதலில் பார்த்தபோது என் கண்களை என்னால் நம்ப முடியவில்லை. பார்வை என்பது கண்ணில் இல்லை, நிர்வாகத்தில் இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தில் உள்ள பார்வையற்ற பொருளாதார மாணவர்களில் நூறு விழுக்காட்டினருக்கும் படங்களை வழங்கியிருக்கிறோம் என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன்." நூறு விழுக்காடு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நான் இவ்வளவு பெரிய கூட்டம்னு எனக்கே தெரியாதுடி" என்றாள்.

அவளைக் கூப்பிட்டார்கள். படியேறும்போது ஒருங்கிணைப்பாளர் அவள் கையில் ஒரு தாளைத் திணித்தார். தடித்த எழுத்தில் அச்சடித்த நன்றியுரை. "துணைவேந்தர் ஒப்புதல் கொடுத்த உரை. இதை மட்டும் படிக்கணும், ஒரு வார்த்தை கூடவோ குறையவோ கூடாது, என்னம்மா?" என்றார். வக்கீல் தலையாட்டினாள்.

அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். தாளை நேராகப் பிடித்தாள். வலது கைச் சுட்டுவிரலை முதல் வரியில் வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல ஓட்டினாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. ஓர் எழுத்தையும் விடவில்லை. மண்டபத்தில் இருமல் சத்தம் கேட்டது. யாரோ ஒலிவாங்கி வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தட்டிப் பார்த்தார்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் படித்தாள். பின்பக்கம் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. சரியாக இரண்டு நிமிடம்.

பிறகு துணைவேந்தர் இருந்த திசையில் திரும்பினாள். "கொடுத்ததை முழுசாப் படிச்சிட்டேன் ஐயா. பரீட்சையும் இப்படித்தான் எழுதினேன். இன்னொரு தடவை எழுத விடுங்க."

துணைவேந்தர் எழுந்தார். கைதட்டினார். மண்டபமே தட்டியது.

"இது பேச்சு அல்ல, பேச்சுக்கு அப்பாற்பட்டது!" என்றார். "இனி ஆண்டுதோறும் இவ்விழாவில் இரண்டு நிமிட மௌன வாசிப்பு நடைபெறும். இவருடைய கோரிக்கையை ஏற்று, ஒரு வாரத்துக்குள் சிறப்புத் தேர்வு நடத்த இந்த மேடையிலேயே ஆணையிடுகிறேன்."

வக்கீல் என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் நான் அவர்களை மன்னித்துவிட்டேன். புதிதாகப் பதினெட்டு அட்டை போட இரண்டு நாள் போதும் என்று கணக்குக்கூடப் போட்டேன்.

ஆணை சனிக்கிழமை வந்தது. என் பெயருக்கு.

'நிறுவனர் அவர்கள் பொருளாதாரத் தேர்வை மீண்டும் எழுத அனுமதிக்கப்படுகிறார். விடைத்தாள் மறுநாளே திருத்தப்பட்டு, வெள்ளி காலை முடிவு அறிவிக்கப்படும்.'

"மேடம், நான் பாஸ். ஃபெயிலானது அவ."

"கோப்புல விண்ணப்பதாரர் நீங்கதானேம்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர். "பயனாளி பேர்ல கோப்புத் திறக்கற வழக்கமே இல்ல."

"அவ பேருக்கு மாத்திக் கொடுங்க."

"கண்டிப்பா மாத்தலாம். முதல்ல நீங்க எழுதணும். எழுதினாத்தான் கோப்பை முடிக்கலாம். முடிச்ச கோப்பைத்தான் திரும்பத் திறந்து திருத்த முடியும். நடுவுல கை வைக்க முடியாது." பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்லா எழுதுங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆணையை வக்கீலுக்குப் படித்துக் காட்டினேன்.

"உனக்கு எவ்வளவு மார்க்?"

"எழுபத்தொண்ணு."

"பத்தாதுன்னு நினைச்சிருப்பாங்க." அப்புறம் சிரித்தாள். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போய் எழுதுடி."

"எதுக்கு? எனக்கு எதுக்கு இன்னொரு தடவை?"

"யோசிச்சுப் பாரு. நம்ம மனுவை யாராவது படிச்சாங்களா? இந்தக் கட்டடத்துல நாம எழுதறதுல கடைசி வரி வரைக்கும் ஒருத்தர் படிச்சே ஆகணும்னு சட்டம் இருக்கறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான், விடைத்தாளுக்கு. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேற போடணும்."

இன்று புதன்கிழமை. தேர்வு பத்து மணிக்கு ஆரம்பித்தது. இவ்வளவு பெரிய கூடத்தில் நான் ஒருத்திதான். மேற்பார்வையாளர் அரைமணிக்கு ஒருமுறை என் பின்னால் வந்து நின்று, நான் நிறைய எழுதுவதைப் பார்த்துத் திருப்தியாகத் திரும்பிப் போகிறார். முதல் வினா, முப்பது மதிப்பெண்: 'கொடுக்கப்பட்ட படத்தை விளக்குக.' இதுவரை விளக்கியிருக்கிறேன்.

திருத்துகிறவரே, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இதை நிறுத்தாமல் படிக்க வேண்டியது உங்கள் கடமை என்பது மட்டும் தெரியும். நான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்று பூச்சியம் போட நினைத்தால் போடுங்கள், எனக்குப் பட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் இங்கே எழுதியிருப்பதில் ஏதாவது ஒரு பத்தியாவது விடை என்று உங்களுக்குப் பட்டால், அந்த மதிப்பெண்ணை என் எண்ணுக்கு எதிரே போடாதீர்கள். அவளுடைய பதிவெண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.

முப்பதும் வேண்டாம். நாலு போதும்.